மூடு கணக்கும் பிர்க்கா கணக்கும்

திற்பரப்பு மகாதேவர் ஆலயத்தின் மதிலோரமாகக் கோதையாறு பாறைப் படுகையிலே பரந்து ஓடி வந்து, ஏறக்குறைய ஐம்பதடி உயரத்திலிருந்து விழுகின்ற ஓசை, சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவாலயங்களையும் 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டே ஓடித் தரிசிக்கின்ற பக்தர்களுக்கும், மற்ற நாள்களிலே அருவியில் நீராட வருகின்ற வெளியூர்க்காரர்களுக்கும் ஆனந்தத்தைத் தருவது. அவ்வூரிலேயே பிறந்து, அந்த ஆற்றங்கரை மண்ணைக் கிளறி வாழ்கின்றவர்களுக்கோ அது ஒரு தகவல். நள்ளிரவிலே அவ்வோசை திடீரென்று தடித்துக் கனக்குமானால், மலைமேலே பலத்த மழை பெய்திருக்கின்றது, பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீரைத் திறந்துவிட்டார்கள் என்று அறிந்து, கரையோரப் புரையிடத்திலே வாழையும் மரச்சீனி என்னும் மரவள்ளியும் வைத்திருப்பவர் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்படி எழுந்து உட்கார்ந்த இரவுகளை எண்ணிச் சொல்லக்கூடிய முதியவர் ஒருவர், சென்ற மாதம் எனக்குத் தம் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். ஆற்றிலிருந்து சற்றே விலகி, சரிவாக மேலேறிச் செல்லும் பூமி அது. சரிவின் தலைப்பிலே ரப்பர். இடுப்பிலே ஏத்தன் வாழை. அடியிலே ஓட்டு வீடும், வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும், நல்லமிளகுக் கொடி ஏறிய கமுகும். எவ்வளவு நிலம் என்று நான் கேட்டபோது, ஏக்கரிலோ சென்டிலோ அவர் விடை சொல்லவில்லை. "ரப்பர் நூத்தி இருவது மூடு, ஏத்தன் நூத்தம்பது மூடு, தென்னை முப்பத்திரெண்டு மூடு, சாரே" என்றார். குமரியின் மேற்குப் பகுதியிலே செடியையும் மரத்தையும் 'மூடு' என்று எண்ணுவது வழக்கம். ஒரு மூடு என்பது வேரோடு நிற்கின்ற ஒரு ஜீவன். அதற்கென்று ஓர் இடமும், ஒரு வயதும், ஒரு சரித்திரமும் உண்டு. இந்தச் சிறு சொல்லைச் சுற்றியே இக்கட்டுரை முழுதும் சுழலப்போகின்றது; ஏனெனில் வானத்தைப் பற்றிய குமரி விவசாயியின் அச்சமும், அவ்வச்சத்துக்கு மருந்தாக அரசாங்கம் வகுத்திருக்கும் பயிர்க் காப்பீடும் ஒன்றையொன்று சந்திக்காமல் விலகிப் போவதற்குரிய காரணம், ஒருவர் மூடு மூடாக எண்ணுவதும், மற்றவர் பல கிராமங்கள் சேர்ந்த பிர்க்கா பிர்க்காவாக எண்ணுவதும்தான் என்பது என் துணிபு.

முதலில் அச்சத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் மற்றப் பிரதேசங்கள் பலவற்றிலே மழை பொய்ப்பதே பெரும் பயம். குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவ மழைகளின் பாக்கியம் உண்டு. வைகாசி பாதியிலே தொடங்குவதை இன்றும் முதியோர் 'இடவப்பாதி' என்றே சொல்லுகின்றனர். ஐப்பசியிலே வருவதற்குத் 'துலாவர்ஷம்' என்று பெயர். 1956 நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரோடு கூடியிருந்த தேசமாகையால், கொல்லம் ஆண்டும் அதன் மாதங்களும் மக்கள் வாக்கினின்று இன்னும் முற்றும் மறையவில்லை. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்குகின்ற பதின்மூன்று பதினான்கு நாள்களை ஒரு ஞாற்றுவேலை என்று பகுத்து, ஆனியிலே வருகின்ற திருவாதிரை ஞாற்றுவேலையிலே மிளகுக் கொடி நட்டால் அது தவறாது பிழைக்கும் என்று கண்டவர்கள் இவர்கள். இந்தச் சம்பிரதாய அறிவை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமன்று. அது பல தலைமுறைகள் பிரத்தியட்சமாகக் கண்டு குறித்துவைத்த மழைப் பதிவேடு.

அந்தப் பதிவேட்டின் பக்கங்கள்தாம் இப்பொழுது முன்போல் ஒழுங்காகப் புரளவில்லை. "எடவப்பாதி வரும், வராம இருக்காது, ஆனா வந்தா ஒரு வாரத்துக்க மழைய ஒரே ராத்திரியில கொட்டிட்டு போயிருது" என்றார் முதியவர். 2021-ஆம் ஆண்டை அவர் உதாரணமாகச் சொன்னார். அவ்வாண்டு மே மாதத்திலே, வங்கக் கடலின் வடகோடியிலே 'யாஸ்' புயல் கரை ஏறிய அதே நாள்களில், எங்கோ இருந்த அப்புயலின் இழுப்பினால் குமரி மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. நவம்பரிலே மறுபடியும் ஒரு வெள்ளம் வந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு முறை தம் கரையோர மரச்சீனி அழுகியதை அவர் மறக்கவில்லை. கிழங்கு நீருக்குள் இரண்டு நாள் கிடந்தால் பிடுங்கிப் பார்க்கவே வேண்டியதில்லை, நாற்றமே சொல்லிவிடும் என்றார்.

மழையைவிட அவர்களை அச்சுறுத்துவது காற்று. இதை வெளியூரிலிருந்து வருபவர் எளிதில் உணர்ந்துகொள்வதில்லை. நெல்லுக்குக் காற்றினால் வரும் தீங்கு சிறிது. கதிர் சாய்ந்தாலும் ஒரு பகுதி தேறும். ஏத்தன் வாழைக்கு அப்படியன்று. பத்து மாதம் எருவிட்டு, களை எடுத்து, மண் அணைத்து வளர்த்த ஒரு மூடு, குலை தள்ளி அக்குலை முற்றுகின்ற கடைசி இரண்டு மாதத்திலேதான் தலை கனத்து நிற்கின்றது. விலை கிடைக்கின்ற காலமும் விழுகின்ற காலமும் ஒன்றே. அதற்காகவே ஒவ்வொரு வாழைக்கும் கம்பு நட்டுத் தாங்கு கொடுக்கின்றார்கள். கம்பு வாங்க வசதியில்லாதவர் நான்கு வாழைகளைக் கயிற்றினால் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றார்கள். நான் கண்ட தோட்டத்தில், மேற்கு வரிசையிலே நின்ற வாழைகளுக்கு மட்டும் இரட்டைக் கம்பு கொடுத்திருந்தது. ஏனென்று கேட்டேன். அங்கே சரிவிலே ஒரு மடிப்பு உண்டென்றும், மலையிலிருந்து இறங்குகின்ற காற்று அந்த மடிப்பின் வழியாக நுழைந்து அவ்வரிசையை மட்டும் பிடிக்குமென்றும், பத்தடி தள்ளி நிற்கின்ற வாழைக்கு இலைகூடக் கிழியாதென்றும் சொன்னார். ஆராய்ச்சியாளர் எவரும் அத்தோட்டத்தின் காற்றை அளந்ததில்லை. ஆயினும் எந்த மூடு விழும், எது நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கின்றது.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமையன்று அந்த அறிவும் பயன்படவில்லை. இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு அன்று காலையிலேதான் புயலென்று பெயர் பெற்றது. வங்க தேசத்தார் சூட்டிய 'ஒக்கி' என்ற பெயருக்கு அவர்கள் மொழியிலே கண் என்று பொருளாம். அந்தக் கண் குமரிக் கரையைக் கடக்கவேயில்லை. முனைக்குத் தெற்கே கடலிலேயே நகர்ந்து லட்சத்தீவின் பக்கம் சென்றுவிட்டது. போகிற போக்கிலே அது செய்த அழிவு, கடலிலே சென்ற மீனவர் பலரின் உயிரையும், கரையிலே லட்சக்கணக்கான ரப்பர் மரங்களையும் வாழைகளையும் கொண்டுபோயிற்று. கடலிலே மாண்டவர்களைப் பற்றி நாடு பேசியது, பேசவேண்டியதும் அதுவே. மலையடிவாரத்திலே நடந்ததைப் பேசினவர் மிகச் சிலர்.

"காலத்த எழும்பிப் பாத்தா எல்லாம் ஒரே பக்கமாட்டு கெடக்கு. அடிச்சு வச்ச மாதிரி. எம்பது மூடு ரப்பர், வாழை அத்தனையும். எனக்கு அழுகை வரல்ல சாரே, எண்ணிட்டுத்தான் நின்னேன்." அவருடைய தென்னைகளில் ஐந்து முறிந்தன. மற்றவற்றை அவர் எண்ணி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டதாம். பல நாள்கள் மின்சாரம் இல்லை. சாலை முழுதும் மரங்கள். கைப்பேசியில் சத்தமே கேட்கவில்லை. ரப்பர் மரத்தின் நஷ்டத்தை ஒரு வருஷத்துக் கணக்கில் அடக்க முடியாது என்பதை இங்கே சொல்லவேண்டும். நட்ட கன்று பால்வெட்டுக் கத்திக்குத் தயாராக ஏழு ஆண்டுகள் ஆகும்; அதன் பிறகு ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் விடியற்காலைதோறும் சிரட்டையிலே பால் சொட்டும். 2017-இல் விழுந்த மரத்துக்குப் பதிலாக 2018-இல் நட்ட கன்று, 2025-இலேதான் கத்தியைக் கண்டது. இடைப்பட்ட ஏழு வருஷம் அக்குடும்பம் எதைத் தின்றது என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

நிற்கின்ற மரத்திலும் தினந்தோறும் ஓர் அபாயம் உண்டு. பால் வெட்டுபவர் தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே தோட்டத்துக்குள் நுழைகின்றார். பட்டை நனைந்திருந்தால் வெட்டக்கூடாது. வெட்டினால் பால் சிரட்டைக்கு வராமல் பட்டைமேல் பரவி வீணாகும். ஆகையால் மூன்று மணிக்கு எழுந்து வாசலிலே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, இன்று வெட்டலாமா கூடாதா என்று தீர்மானிப்பதே அவருடைய முதல் காரியம். மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை போலக் கட்டுகின்ற மழைமறைப்பு சிறிது உதவும். மழை பிடித்துப் பிடித்துப் பெய்கின்ற மாதங்களிலே வெட்டு இழந்த நாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகின்றன; வெட்டுக் கூலியை நம்பியிருக்கும் தொழிலாளியின் அடுப்பும் அதனோடு அணைகின்றது. இந்த நஷ்டத்துக்கு எந்தக் காப்பீடும் இல்லை.

ஆனால் இவர்கள் காப்பீடு அறியாதவர்கள் என்று எண்ணுவது தவறு. ஒரு குமரித் தோட்டத்தைக் கண் திறந்து பார்த்தால், அது ஆதிமுதல் ஒரு காப்பீட்டுத் திட்டமாகவே அமைக்கப்பட்டிருப்பது தெரியும். ரப்பரின் விலை சரிந்தால் தேங்காய். தேங்காய் சரிந்தால் மிளகு. மிளகுக் கொடி வாடினால் பலா. எதுவும் இல்லாத மாதத்துக்கு மரச்சீனி. வாழையிலும் ஏத்தனை மட்டும் நம்பாமல் செந்துளுவன், பாளையங்கோடன், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி என்று நாலு விதமாக வைப்பார்கள். ஒன்றின் பருவம் மற்றொன்றின் பருவமன்று. புதிதாக நட்ட ரப்பரின் இடையிலே முதல் மூன்று நான்கு வருஷங்கள் வாழையோ அன்னாசியோ போட்டுவிடுகின்றார்கள். எல்லாம் தப்பிப்போனால் கடைசிக் காப்பு வீட்டுப் பெண்களின் கழுத்திலே இருக்கின்றது. கூட்டுறவு வங்கியிலே நகையை வைத்துப் பணம் எடுத்துக் கன்று வாங்குகின்றார்கள். அந்தத் தாய்மார்கள் கொடுக்கின்ற பிரீமியத்தை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

இனி அரசாங்கம் தருகின்ற காப்பீட்டைப் பார்ப்போம். அதற்கும் நீண்ட சரித்திரம் உண்டு. அது நம் நாட்டிலேயே பிறந்த சிந்தனை என்பதைப் பலர் அறியார். மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பவர், மழைமானியிலே பதிவாகும் மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் விவசாயிக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்ற யோசனையை விரிவாக எழுதி, 1920-ஆம் ஆண்டு ஒரு நூலாகவே வெளியிட்டார். உலக வங்கியும் பெரிய காப்பீட்டு நிறுவனங்களும் இன்று புதுமையென்று பேசுகின்ற வானிலைக் குறியீட்டுக் காப்பீட்டின் கரு நூறு வருஷத்துக்கு முன்னே மைசூரில் முளைத்தது. சுதந்திரத்துக்குப் பின் குஜராத்திலே 1972-இல் பருத்திக்கு ஒரு சோதனை நடந்தது. அது ஒவ்வொரு விவசாயியின் வயலையும் தனித்தனியே மதிப்பிட முயன்று, செலவு தாங்காமல் தளர்ந்தது. அதன் பிறகு பொருளியலறிஞர் வி. எம். தாண்டேகர், தனி வயலை மறந்துவிட்டு ஒரு பிரதேசத்தின் சராசரி விளைச்சலையே அளவாகக் கொள்ளவேண்டும் என்ற சித்தாந்தத்தை நிலைநாட்டினார். 1979-இல் தொடங்கிய சோதனைத் திட்டம், 1985-இல் நாடெங்கும் விரிந்த திட்டம், 1999-இல் அதற்குப் பதிலாக வந்த தேசிய விவசாயக் காப்பீட்டுத் திட்டம், 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் ஆகிய யாவும் தாண்டேகர் இட்ட அஸ்திவாரத்தின்மீது எழுந்தவையே.

தாண்டேகரின் வாதம் பழிக்கத்தக்கதன்று. கோடிக்கணக்கான சிறு வயல்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க எந்த அரசாங்கத்தாலும் இயலாது. தன் வயலின் நஷ்டத்துக்கு மட்டும் பணம் கிடைக்குமென்றால், அதை அசட்டை செய்து கெடுத்துவிடுகின்றவர்களும் தோன்றுவர். ஆனால் ஒரு பிரதேசத்தின் சராசரி குறைந்தால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் பணம் என்றால், நன்றாகப் பயிரிட்டவனுக்கும் அது குறைவதில்லை. சோழ மண்டலத்தின் சமவெளிக்கோ, நம் மாவட்டத்திலேயே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நெல் வயல்களுக்கோ இது பொருந்தும். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே மட்டம், ஒரே வாய்க்கால் நீர், ஒரே நெல். புரட்டாசியாகிய கன்னி மாதத்தில் அறுக்கின்ற கன்னிப்பூவும், மாசியாகிய கும்ப மாதத்தில் அறுக்கின்ற கும்பப்பூவும் ஒருவனுக்குப் பொய்த்தால் பெரும்பாலும் ஊருக்கே பொய்க்கும். அந்த நெல்லுக்காகவே திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் காலத்திலே, 1897 முதல் 1906 வரை உழைத்துப் பேச்சிப்பாறை அணையைக் கட்டினார்கள். அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணையருகிலேயே அடக்கமாகியிருக்கின்றார். நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு நூற்றிருபது வருஷமாகப் பெருங் காப்பீடாக நின்றுவருவது அந்த 48 அடி நீர்தான். அணையின் அடிவாரத்திலே இருக்கின்ற திற்பரப்புச் சரிவுக்கோ அந்நீர் பாய்வதில்லை. உபரியாகும்போது மட்டும் வெள்ளமாக வந்து சேருகின்றது.

சரிவுப் பூமிக்குச் சராசரி என்ற சொல் அந்நியமானது. இதைச் சிறிது விளக்கவேண்டும். விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கின்றது. நடைமுறையிலுள்ள திட்டத்தின்படி, காப்பீடு செய்த பயிர்கள் அறிவிக்கை செய்யப்பட்ட ஓர் அலகுக்குள் அடங்கும். முக்கியப் பயிர்களுக்கு அந்த அலகு கிராமம், மற்றவற்றுக்குப் பல கிராமங்கள் சேர்ந்த பிர்க்கா. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை எடுத்து, அதில் எழுபது அல்லது எண்பது அல்லது தொண்ணூறு விழுக்காட்டை உத்தரவாத விளைச்சல் என்று வைப்பார்கள். அவ்வாண்டு அறுவடைச் சோதனைகளிலே அலகின் சராசரி அதற்குக் கீழே போனால், எவ்வளவு கீழே போயிற்றோ அந்த விகிதத்தில் எல்லாருக்கும் பணம். விவசாயி செலுத்தவேண்டியது காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவத்துக்கு 2 விழுக்காடு, ராபிக்கு ஒன்றரை, வாழை, மரச்சீனி போன்ற தோட்டப் பயிர்களுக்கு 5. மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. அதாவது விலை அதிகமென்று குறை கூறமுடியாது.

இப்பொழுது நம் முதியவரின் ஏத்தனை இந்தக் கணக்கிலே வைத்துப் பாருங்கள். உத்தரவாத விளைச்சல் நூறு என்றும், ஒரு மழைக்காற்று நாளிலே அவருடைய மேற்கு வரிசையும் அண்டை அயலார் சிலரது வாழையும் விழுந்து, பிர்க்கா முழுவதின் சராசரி தொண்ணூற்றைந்தாக நின்றது என்றும் கொள்வோம். பற்றாக்குறை நூற்றுக்கு ஐந்து. ஆகவே, குலையோடு எல்லா மூடும் விழுந்தவருக்கும் ஐந்து விழுக்காடு, ஒரு மூடும் விழாதவருக்கும் ஐந்து விழுக்காடு. சராசரி நூற்றொன்றாக நின்றிருந்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. வானிலைக் குறியீட்டின்படி வகுத்த திட்டமானால், எங்கோ இருக்கின்ற நிலையத்தின் கருவியிலே பதிவான காற்றின் வேகமே தீர்ப்பு. சரிவின் மடிப்பிலே நுழைந்த காற்றை அக்கருவி கண்டதில்லை.

தனி வயலைப் பார்க்கும் விதி ஒன்றும் திட்டத்திலே இல்லாமல் இல்லை. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்தல், மேக வெடிப்பு, மின்னலினால் பிடித்த தீ ஆகியவற்றை உள்ளூர்ப் பேரிடர் என்று பிரித்து, பாதிக்கப்பட்டவர் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் அவருடைய நிலத்தையே வந்து மதிப்பிடலாம் என்று வகுத்திருக்கின்றார்கள். காட்டு விலங்குகளால் வரும் சேதமும் 2026 காரீப் முதல் இப்பட்டியலில் சேரும் என்று 2025 நவம்பரிலே மத்திய அரசு அறிவித்தது. மரச்சீனியைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்பதைப் பார்த்து மனம் நொந்த மலையடிவார மக்களுக்கு அது நல்ல செய்திதான். ஆனால் நிற்கின்ற பயிரைச் சாய்க்கின்ற காற்று அந்தப் பட்டியலிலே இல்லை. புயலும் சூறையும் பரந்த பிரதேசத்தைத் தாக்குபவை, ஆகையால் அவற்றைச் சராசரியிலே பார்த்துக்கொள்ளலாம் என்பது விதி வகுத்தோரின் எண்ணம். கோதையாறு பெருகி ஆற்றோர வாழையை மூழ்கடித்தால் அவர் தோட்டத்தை வந்து பார்ப்பார்கள். காற்று வந்து சரிவு வாழையைச் சாய்த்தால் பார்க்கமாட்டார்கள். அவர் அதிகமாக அஞ்சுவது எதற்கோ அதற்குத்தான் தனிக் கவனம் இல்லை. இதை அறிந்தபோது எனக்கு உண்டான வருத்தம் சாமானியமானதன்று.

72 மணி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்பொழுது 14447 என்ற எண்ணிலே அழைத்துச் சொல்லலாம், செயலியும் உண்டு. மழைக்காலத்து வெள்ளத்துக்கு அது உபயோகமானது, தயங்காமல் உபயோகித்துக்கொள்ளவேண்டும். ஆனால் ஒக்கி போன்றதொரு நாளிலே மின்சாரமும் கோபுரமும் செத்துக் கிடக்க, சாலை அடைபட்டிருக்க, மூன்று நாளுக்குள் சொல் என்பது எவ்வளவு தூரம் நடக்கும்? பேரிடரின் அளவுக்கேற்ப அந்தக் கெடுவும் நீளவேண்டாமா?

பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துப் பயிரிடுகின்றவரின் நிலை இன்னும் கடினம். 2020 காரீப் முதல் காப்பீடு எவருக்கும் கட்டாயமன்று. வங்கியிலே பயிர்க் கடன் வாங்காதவர் தாமே பொதுச் சேவை மையத்துக்குப் போய்ப் பதிவு செய்யவேண்டும். அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தருகின்ற அடங்கல் வேண்டும்; சிட்டா வேண்டும்; ஆதார், பாஸ்புத்தகம் வேண்டும். குமரியிலே வாழை வைக்கின்ற ஏழைகளில் பலர், பிறருடைய புதுநடவு ரப்பர்த் தோட்டத்தின் இடைவெளியை வாய்ச்சொல்லால் பாட்டம் பேசி எடுத்தவர்கள். சிட்டா உரிமையாளர் பேரில் இருக்கும்; எழுத்து வேண்டும் என்றால் உரிமையாளர் யோசிப்பார். கம்பும் கயிறும் வாங்கக் கடன்பட்டு நிற்கின்ற அந்த மனிதர்தான் காற்றினால் முற்றும் அழிகின்றவர். ஏட்டிலே அவர் விவசாயியே அல்லர்.

மக்கள் காப்பீட்டிலே சேராததற்கு அறியாமையைக் காரணம் காட்டுவது உத்தியோக வழக்கமாகிவிட்டது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் மழைக் காப்பீட்டை விற்றுப் பார்த்து ஷான் கோல் முதலிய பொருளியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வேறொன்றைக் காட்டுகின்றது. விலை குறைந்தால் வாங்குகின்றவர் கூடினர். அந்த நேரத்திலே கையில் காசு இருந்தால் கூடினர். தாங்கள் நம்புகின்ற ஒருவர் அது நல்லது என்று அறிமுகப்படுத்தினாலும் கூடினர். நம்பிக்கைதான் அதிலே முக்கியம். திற்பரப்பிலே நான் பேசிய சிலர், ஒக்கிக்கு அடுத்த ஓரிரு வருஷம் வாழைக்கும் மரச்சீனிக்கும் பணம் கட்டியதாகவும், தங்களுக்கு நஷ்டம் வந்த ஆண்டிலே பிர்க்கா கணக்கில் ஒன்றும் வராமையால் விட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். அவர்களை அறியாதவர்கள் என்பது பாவம். தம் அநுபவத்தை வைத்து அவர்கள் சரியாகவே தீர்மானித்திருக்கின்றார்கள்.

அதற்குப் பதிலாக அவர்கள் நம்புவது நிவாரணத்தை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் அழிந்தால் பேரிடர் நிதியிலிருந்து உதவி உண்டு. ஒக்கியின் காலத்தில் பல்லாண்டுப் பயிருக்கு மத்திய வரையறை ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஹெக்டேருக்கு நானூற்றைம்பது ரப்பர் என்று வைத்தால் மூட்டுக்கு நாற்பது ரூபாய். மாநில அரசு அதனினும் கூடுதலாக அறிவித்து உதவியது உண்மை. அதை மக்கள் நன்றியோடு நினைக்கின்றார்கள். ஆனால் நிவாரணம் தயையினால் வருவது. காப்பீடு உரிமையினால் வருவது. ஏழு வருஷ இழப்பைத் தயையைக் கொண்டு எவரும் திட்டமிட்டு ஈடுசெய்ய முடியாது.

மூடு ஒன்றையே அளவாகக் கொண்டு காப்பீடு செய்வது இயலாத காரியம் என்று எவரும் சொல்லிவிடவேண்டாம். இந்த மாவட்டத்திலேயே அது நடக்கின்றது. தென்னை வளர்ச்சி வாரியமும் இந்திய விவசாயக் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து 2009 முதல் நடத்திவருகின்ற தென்னைக் காப்பீட்டிலே எண்ணிக்கை மரமாகத்தான். நான்கு முதல் பதினைந்து வயதான தென்னைக்கு 900 ரூபாய், பதினாறு முதல் அறுபது வரை 1,750 ரூபாய் என்று தொகை வகுத்து, மரத்துக்கு வருஷம் 9 ரூபாயும் 14 ரூபாயும் பிரீமியம் என்றும், அதிலே பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்று விவசாயி கால் பங்கை மட்டும் கட்டவேண்டும் என்றும் ஏற்படுத்தினார்கள். புயல், வெள்ளம், இடி, நிலச்சரிவு எல்லாம் அதிலே அடங்கும். அண்டையிலுள்ள கேரளமோ 1995 முதலே தன் மாநிலக் காப்பீட்டிலே வாழையையும் ரப்பரையும் மிளகுக் கொடியையும் மூடு மூடாகவே எண்ணி ஏற்றுவருகின்றது. இந்தப் பக்கத்துச் சரிவுக்கும் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரிவுக்கும் மண் ஒன்று, மழை ஒன்று, காற்றும் ஒன்று. 1956-இலே பிரிந்தது நிர்வாகம் மட்டுமே.

சமவெளி நெல்லுக்குத் தாண்டேகரின் சராசரி இருக்கட்டும். மலையடிவார வாழைக்கும் ரப்பருக்கும் மூட்டுக் கணக்கு வரட்டும். வங்கிகளும் தோட்டக்கலைத் துறையும் ரப்பர் வாரியமும் ஒன்றுகூடி, பேரூராட்சி தோறும் ஒருவரை நியமித்தால், காப்பீடு செய்த தோட்டங்களிலே விழுந்த மரங்களை எண்ணுவது பெரிய வித்தையன்று. விழுந்த மரம் ஓடிப்போவதில்லை. கைப்பேசிப் படம் ஒன்றிலே இடமும் நேரமும் பதிந்துவிடுகின்ற காலம் இது. தாண்டேகர் அஞ்சிய செலவு இன்று பெருமளவு குறைந்திருக்கின்றது. பாட்டக்காரருக்கு உரிமையாளரின் கையொப்பத்துக்குப் பதிலாக, இன்னார் இங்கே பயிரிடுகின்றார் என்று ஊரார் இருவர் சாட்சி சொன்னால் ஏற்கவேண்டும். பால்வெட்டு இழந்த நாள்களுக்கு, பேச்சிப்பாறையிலும் குலசேகரத்திலும் மழைமானியைக் கொண்டு, சக்கரவர்த்தி சொன்னபடியே ஒரு மழைக் காப்பீடு தொழிலாளிகளுக்கு வகுக்கலாம். அந்த இடத்திலே சராசரியும் பொருந்தும், ஏனெனில் பட்டை நனைவது எல்லா மரத்துக்கும் ஒன்றுபோலத்தான்.

நான் விடைபெறுகின்ற மாலையிலே, முதியவர் திண்ணையில் அமர்ந்து தென்னைக் காப்பீட்டுக்குரிய படிவத்தைப் பேரனைக் கொண்டு நிரப்பிக்கொண்டிருந்தார். முறிந்த ஐந்தும் போக, நிற்கின்ற முப்பத்திரண்டும் பதினாறு வயதைத் தாண்டியவை. மரத்துக்கு மூன்றரை ரூபாய் வீதம் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். பணத்தை மடித்துப் படிவத்துக்குள் வைத்தார். பிறகு சரிவை நோக்கி, "ஏலே மக்களே, அதுல வாழை எழுததுக்கு எடம் இருக்கா பாரு" என்றார். பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை பாட்டா என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேற்கே மேகம் கறுத்திருந்தது. வெட்டுக்கத்தியையும் ஒரு சுருள் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மேற்கு வரிசைக்கு ஏறிப்போனார்.